ஒரே கரை, இரண்டு நீதிகள்

பத்தொன்பது ஆண்டு இடைவெளியில், ஒரே தேதியில், எண்ணூர்க் குப்பங்களின் மக்கள் இரண்டு முறை உயிர் பிழைக்க ஓடினார்கள். 2004 டிசம்பர் 26 காலையில் கடல் ஏறி வந்தது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவை நெருங்கும் நேரத்தில் பெரியகுப்பத்தில் அம்மோனியா நெடி பரவியது. கண் எரிந்து, மூச்சு முட்டி விழித்தவர்கள் பிள்ளைகளையும் முதியவர்களையும் தூக்கிக்கொண்டு கிடைத்த வண்டியில் ஏறினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். கோரமண்டல் இன்டர்நேஷனல் உர ஆலைக்குக் கப்பலிலிருந்து திரவ அம்மோனியாவைக் கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டிருந்தது.

முதல் பேரிடருக்குப் பிறகு உலக வங்கியும் ஆசிய வளர்ச்சி வங்கியும் ஐ.நா. அமைப்புகளும் பன்னாட்டுத் தொண்டு நிறுவனங்களும் இந்தக் கரைக்கு வந்தன. இரண்டாவதற்குப் பிறகு காவல்துறையும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும் வந்தன. ஆலையை மூடக் கோரி மக்கள் மாதக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. கடல் தரும் இடருக்கு உலகம் ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறது. ஆலை தரும் இடருக்கு அப்படி எதுவும் குப்பம் வரை வந்து சேரவில்லை. வடசென்னையில் பேரிடர் மீட்சியைப் பற்றிப் பேசும்போது இந்த இடைவெளியிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

இத்தனைக்கும் வெளிநாட்டுப் பணமும் வெளிநாட்டுக் கூட்டும் இந்தப் பகுதிக்குப் புதியவை அல்ல. மணலியில் இன்று சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷன் என்று அழைக்கப்படும் சுத்திகரிப்பு ஆலை, 1965இல் இந்திய அரசு, அமெரிக்காவின் அமோக்கோ, ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனம் ஆகிய மூன்றும் கூட்டுச் சேர்ந்து உருவாக்கிய மெட்ராஸ் ரிஃபைனரீஸ்தான். வடசென்னை அனல்மின் நிலையத்துக்கு 1980களில் கடன் கொடுத்தது ஆசிய வளர்ச்சி வங்கி. அந்த நிலையத்துக்கு நிலக்கரி இறக்குவதற்காகத் திட்டமிடப்பட்டு, 2001இல் திறக்கப்பட்டு, இன்று காமராஜர் துறைமுகம் எனப்படும் எண்ணூர்த் துறைமுகத்துக்கும் அதே வங்கி கடன் கொடுத்தது. சுனாமிக்குப் பின் தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் மறுசீரமைப்பு நிதி தந்ததும் அதே வங்கி. 2021இல் கொசஸ்தலையாற்றுப் படுகைக்கு மழைநீர் வடிகால் கட்ட 25.1 கோடி டாலர் கடன் ஒப்பந்தம் செய்ததும் அதே வங்கிதான். ஒரே ஆற்றின் கரையில் மின்நிலையத்துக்கும் துறைமுகத்துக்கும் வெள்ளத் தடுப்புக்கும் ஒரே கடன்காரர். இந்த மூன்று கோப்புகளையும் ஒன்றாக வைத்துப் படித்தவர் யாராவது உண்டா என்பது நியாயமான கேள்வி.

கரையின் பழைய கதையையும் சுருக்கமாகச் சொல்லிவிட வேண்டும். 1875இல் வேலை தொடங்கிய சென்னைத் துறைமுகத்தின் நீட்டுச் சுவர்கள், ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலைத் தடுத்தன. தடுக்கப்பட்ட மணல் தெற்கே மெரினாவாக அகன்றது. மணல் வராத வடக்கே ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்க் கரைகளைக் கடல் தின்றது. வீடு இழந்த குப்பங்கள் பின்வாங்கின, தெருக்கள் போயின. இப்போது நிற்கும் கருங்கல் சுவர்களும் தூண்டில் வளைவுகளும் அந்த அரிப்புக்குப் போட்ட கட்டு. நகரின் ஒரு பாதி பெற்ற அழகுக்கான விலையை மறுபாதி நிலமாகக் கொடுத்தது. கல்லுக்குப் பின்னால் நெருங்கி வாழும் இந்தக் குப்பங்களைத்தான் 2004இல் அலை அடித்தது.

அன்று காலை இந்திய நேரப்படி 6.28 மணிக்குச் சுமத்ராவுக்கு அப்பால் நிலம் அதிர்ந்தது. சென்னைக் கரையை அலை தொட இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. அந்த இரண்டு மணி நேரத்தில் ஒரு குப்பத்துக்கும் அரசிடமிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000 பேரும் சென்னையில் மட்டும் 200க்கும் மேற்பட்டோரும் இறந்தார்கள். நிவாரணத்துக்கு வெளிநாட்டு அரசுகளின் உதவி தேவையில்லை என்று இந்திய அரசு அப்போது அறிவித்தது. இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் இந்தோனேசியாவுக்கும் இந்தியாவே கப்பல்களை அனுப்பியது. ஆனால் மறுகட்டமைப்புக்குப் பன்னாட்டு வங்கிகளின் கடனை ஏற்றது. 2005இல் உலக வங்கி தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்குமாக 46.5 கோடி டாலர் ஒதுக்கியது.

பணம் வந்தபோது நிபந்தனையும் வந்தது. 2005 மார்ச் 30 தேதியிட்ட அரசாணை 172, கடலின் உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு இழந்தவர்களுக்கு ஒரு தேர்வை முன்வைத்தது. 200 மீட்டருக்கு அப்பால் போனால் ஒன்றரை லட்சம் ரூபாய் மதிப்பில் இலவச வீடு. இருக்கும் இடத்திலேயே இருந்தால் சொந்தச் செலவில் பழுது பார்த்துக்கொள்ளலாம், அரசு உதவி இல்லை. கடலைப் பார்த்து வலை இறக்கும் நேரத்தை முடிவுசெய்யும் மனிதருக்கு இது எப்படிப்பட்ட தேர்வு என்று எழுதியவர்கள் யோசிக்கவில்லை. வடசென்னையில் வீடு இழந்த குடும்பங்கள் திருவொற்றியூர்ப் பக்கம் கார்கில் நகரின் தற்காலிகக் கொட்டகைகளில் காத்திருந்தன. சென்னைக் கரையோரக் குடும்பங்கள் பல, நகரின் தென்கோடியில் உள்ள செம்மஞ்சேரிக்கு மாற்றப்பட்டன. மீன் வாங்கிக் கூடையில் சுமந்து விற்கும் பெண்ணுக்குக் காசிமேட்டிலிருந்து செம்மஞ்சேரி என்பது தொழிலின் முடிவு. உயிரைக் காப்பதற்கான 200 மீட்டர், பிழைப்பை முப்பது கிலோமீட்டர் தள்ளிவைத்தது.

ஆனால் அதே பேரிடரிலிருந்து பிறந்த ஒரு கூட்டு முயற்சியை மனமாரப் பாராட்ட வேண்டும். யுனெஸ்கோவின் பன்னாட்டுக் கடலியல் ஆணையத்தின் கீழ் இந்தியப் பெருங்கடல் நாடுகள் சேர்ந்து சுனாமி எச்சரிக்கை அமைப்பை உருவாக்கின. 2007இல் ஐதராபாத்தின் இன்காய்ஸ் நிறுவனத்தில் இந்திய மையம் தொடங்கியது. இன்று இந்தியா, இந்தோனேசியா, ஆஸ்திரேலியா ஆகிய மூன்று நாடுகளின் மையங்கள் பிராந்தியம் முழுமைக்கும் எச்சரிக்கை தருகின்றன. 2012 ஏப்ரல் 11 பிற்பகலில் சுமத்ரா அருகே 8.6 அளவு நிலநடுக்கம் வந்தபோது சென்னைக் கரையில் மக்கள் நேரத்தோடு விலகினார்கள், துறைமுகப் பணி நிறுத்தப்பட்டது. பெரிய அலை வரவில்லை. ஆனாலும் 2004இன் மௌனம் திரும்பவில்லை என்பது பெரிய விஷயம்.

அதற்கு அடுத்த படியும் உண்டு. ஊரே தன் வெளியேற்ற வரைபடத்தை வரைந்து, வழிகாட்டிப் பலகை நட்டு, எச்சரிக்கையை இரவு பகலாகப் பெறும் ஏற்பாடு செய்து, ஒத்திகை நடத்தினால் யுனெஸ்கோவின் 'சுனாமிக்குத் தயார்' அங்கீகாரம் கிடைக்கும். 2020இல் ஒடிசாவின் வெங்கட்ராய்பூர், நொலியாசாஹி ஆகிய இரண்டு மீனவ ஊர்கள் அதைப் பெற்றன. பல நாடுகளின் கருவிகளும் ஒப்பந்தங்களும் ஒரு கிராமத்துப் பலகை வரை இறங்கிவந்த அரிய உதாரணம் இது.

இனி எண்ணெய்க்கு வருவோம். 2017 ஜனவரி 28 விடியலுக்கு முன், காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள் என்ற எரிவாயுக் கப்பலும் டான் காஞ்சிபுரம் என்ற எண்ணெய்க் கப்பலும் மோதின. கசிவு எதுவும் இல்லை என்றது துறைமுகத் தரப்பின் முதல் அறிவிப்பு. அடுத்த நாட்களில் எர்ணாவூர், ஆர்.கே. நகர் குப்பக் கரையில் கறுப்புக் கூழாக எண்ணெய் ஒதுங்கியது, தெற்கே மெரினாவையும் தாண்டிப் போனது. உறிஞ்சும் இயந்திரங்கள் அந்தக் கூழில் திணறின. கடலோரக் காவல்படையோடு மீனவர்களும் மாணவர்களும் தன்னார்வலர்களும் பாறை இடுக்குகளில் இறங்கி வாளியால் அள்ளினார்கள். 1996 முதலே நாட்டுக்கு ஓர் எண்ணெய்க் கசிவு அவசரத் திட்டம் உண்டு. அது அந்தக் கரையில் பிளாஸ்டிக் வாளியாக வந்து நின்றது.

இருந்தும் 2017இல் கேட்பதற்கு ஒரு கதவு இருந்தது. 1967இல் இங்கிலாந்துக்கு அருகே டோரி கேன்யன் கப்பல் உடைந்த பிறகு, எண்ணெய்க் கப்பல் கசிவுக்கு உரிமையாளரே பொறுப்பு, அவர் தவறு செய்தார் என்று பாதிக்கப்பட்டவர் நிரூபிக்க வேண்டியதில்லை, காப்பீடு கட்டாயம் என்ற பன்னாட்டுச் சட்டம் படிப்படியாக உருவானது. காப்பீடு போதாவிட்டால், எண்ணெய் இறக்குமதி செய்யும் நிறுவனங்களின் பங்களிப்பில் இயங்கும் 1992 நிதியம் மீதியைத் தரும். இந்தியாவும் அதில் உறுப்பினர். தெற்காசியக் கடல்களில் எண்ணெய், வேதிப்பொருள் மாசை எதிர்கொள்ள அண்டை நாடுகள் ஒன்றுக்கொன்று உதவும் உடன்படிக்கைக்கும் 2018இல் இந்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 2020இல் நியூ டயமண்ட், 2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ல் ஆகிய கப்பல்கள் இலங்கைக் கடலில் எரிந்தபோது இந்தியக் கடலோரக் காவல்படை போய் நின்றது. குறை இருந்தாலும் இது ஓர் ஒழுங்கு.

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மழையோடு வந்த எண்ணெய்க்கு இந்த ஒழுங்கு எதுவும் பொருந்தவில்லை. மணலி சுத்திகரிப்பு ஆலை வளாகத்தில் தேங்கியிருந்த எண்ணெய் வெள்ளத்தோடு வெளியேறியதாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கண்டது. அது பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலையாற்றில் கலந்து, எண்ணூர்க் கழிமுகம் தாண்டிக் கடலில் பரவியது. காட்டுக்குப்பம், சிவன்படைக்குப்பம், முகத்துவாரக்குப்பம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம் என்று ஆற்றை நம்பிய ஊர்களில் படகும் வலையும் கறுத்தன. வீட்டுச் சுவரில் வெள்ளம் நின்ற உயரத்தில் எண்ணெய்க் கோடு நின்றது. கூழைக்கடாக்கள் எண்ணெய் தோய்ந்த இறகோடு உட்கார்ந்திருந்த படங்கள் நாடெங்கும் போயின. இந்த முறையும் முதலில் ஆற்றில் இறங்கி அள்ளியவர்கள் மீனவர்களே. எண்ணெய் பட்ட வலையைக் கழுவி மறுபடி போட முடியாது. 'எண்ணூர் மீன்' என்று சொன்னாலே வாங்குபவர் கை பின்வாங்கியது. ஆழ்கடலில் பிடித்த மீனுக்கும் அதே கதி.

எண்ணெய் கப்பலிலிருந்து வந்தால் பன்னாட்டு நிதியம், கட்டாயக் காப்பீடு, எழுதப்பட்ட உரிமைகோரல் நடைமுறை. கரையிலுள்ள ஆலையிலிருந்து வந்தால் இந்தப் பன்னாட்டு ஏற்பாடு எதுவும் கிடையாது. இறாலுக்கு வேறுபாடு தெரியாது. மாநிலப் பேரிடர் நிவாரண நிதியின் மத்தியப் பட்டியலில் புயல், வெள்ளம், சுனாமி, நிலநடுக்கம் எல்லாம் உண்டு; ஆலைக் கசிவு கிடையாது. ஆகவே தமிழ்நாடு அரசு தனியாக ஒரு நிவாரணத்தை அறிவித்தது: 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய், 787 படகுகளுக்குத் தலா 10,000 ரூபாய், பாதிக்கப்பட்ட பகுதிகளின் 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500 ரூபாய். கூட்டிப் பார்த்தால் 8.7 கோடி ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. அரசு விரைந்து தந்ததைக் குறை சொல்லவில்லை. ஆனால் இது இழந்த வருமானத்தை அளந்து வந்த தொகை அல்ல. படகு இல்லாமல் சேற்றில் கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளர் பெண், ஏலத்தில் வாங்கித் தெருவில் விற்கும் பெண், வலை பின்னுபவர், ஐஸ் உடைப்பவர் ஆகியோரின் இழப்பை எந்தப் பட்டியலும் எளிதில் எழுதிக்கொள்ளாது.

தென்கொரியாவின் அனுபவம் இங்கே உதவும். 2007 டிசம்பர் 7 அன்று தேயான் கடற்கரைக்கு அருகே ஹெபெய் ஸ்பிரிட் கப்பலிலிருந்து ஏறத்தாழ 10,900 டன் கச்சா எண்ணெய் கொட்டியது. பன்னிரண்டு லட்சத்துக்கும் அதிகமான தன்னார்வலர்கள் வந்து கல் கல்லாகத் துடைத்தார்கள். இழப்பீடு கேட்டு வந்த உரிமைகோரல்கள் ஒன்றேகால் லட்சத்துக்கும் மேல். பன்னாட்டு நிதியத்தின் பாதுகாப்புக்குள் முழுமையாக வந்த கசிவு அது. அப்படியும் ஏராளமான கோரிக்கைகள் தள்ளுபடி ஆயின அல்லது சுருங்கின. காரணம் ஆதாரம். சிப்பி பொறுக்கியவரிடமும் சிறு மீன் கடை வைத்திருந்தவரிடமும் கசிவுக்கு முன் எவ்வளவு சம்பாதித்தார்கள் என்பதற்குக் காகிதம் இல்லை. கொரிய அரசு தனிச் சட்டம் இயற்றி உள்ளே வர வேண்டியதாயிற்று. தேயான் மக்கள் அதோடு நிற்கவில்லை. சுத்தம் செய்த நாட்களின் ஆவணங்கள், படங்கள், கடிதங்கள், நிர்வாகக் கோப்புகள் எல்லாவற்றையும் திரட்டிக் காத்தார்கள். 2022இல் அந்தத் தொகுப்பு யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் நினைவுப் பதிவேட்டில் சேர்ந்தது. 2017இல் எண்ணூர்க் கரையில் வாளி தூக்கியவர்களின் பெயர்களும் அனுபவமும் எங்கே சேர்த்து வைக்கப்பட்டிருக்கின்றன? கைப்பேசிகளில் இருந்திருக்கும். கைப்பேசிகள் மாறிவிட்டன.

அம்மோனியாவுக்குத் திரும்பலாம். அந்த இரவு காற்றில் அம்மோனியா ஒரு கன மீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம் இருந்ததாக வாரியம் அளந்தது. அனுமதி வரம்பு 400. குழாய் அருகே கடல்நீரில் லிட்டருக்கு 49 மில்லிகிராம்; வரம்பு 5. மிக்ஜாம் புயலில் கரைப் பாறைகள் புரண்டு குழாயைச் சேதப்படுத்தியிருக்கலாம் என்று விசாரணைக் குழு கருதியது. ஒரே புயல் டிசம்பர் முதல் வாரத்தில் எண்ணெயைக் கொண்டுவந்தது, நான்காம் வாரத்தில் வாயுவுக்கும் வழி வைத்ததாகத் தெரிகிறது. 2015இல் சென்டாயில் உலக நாடுகள் ஏற்ற பேரிடர்க் குறைப்புச் சட்டகம், இயற்கை இடரோடு தொழில்நுட்ப இடரையும் சேர்த்தே பேசுகிறது. பேரிடர் தாங்கும் உள்கட்டமைப்புக்காக 2019இல் பன்னாட்டுக் கூட்டணியைத் தொடங்கி டெல்லியில் தலைமையகம் அமைத்த நாடும் இந்தியாதான். புயலுக்குப் பிறகு அந்தக் குழாயை முழுமையாகச் சோதித்த பின்னரே மீண்டும் இயக்கலாம் என்ற ஒரு விதி, இத்தனை மாநாடுகளிலிருந்து பெரியகுப்பத்துக்கு வந்திருக்க வேண்டிய குறைந்தபட்சப் பலன்.

சட்டமும் இல்லாமல் இல்லை. போபாலுக்குப் பிறகு வந்த 1989 அபாய இரசாயன விதிகள், விபத்து நேர்ந்தால் பாதிக்கப்படக்கூடிய மக்களுக்கு ஆலை முன்கூட்டியே தகவல் தர வேண்டும், வெளிவளாக அவசரத் திட்டம் தயாராக இருக்க வேண்டும் என்கின்றன. 1996 விதிகள் உள்ளூர் நெருக்கடிக் குழுவை அமைக்கச் சொல்கின்றன. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டமும் அதே போபாலின் வெளிச்சத்தில் 1988இல் அபெல் என்ற திட்டத்தைத் தொடங்கியது. ஆலை, உள்ளாட்சி, அக்கம்பக்கத்து மக்கள் மூவரும் சேர்ந்து அவசரத் திட்டம் வகுப்பது அதன் உயிர்நாடி. இந்திய மண்ணில் செத்தவர்களால் உலகம் கற்ற பாடம் அது. ஆனால் அந்த டிசம்பர் இரவில் பெரியகுப்பத்து மக்களுக்கு எச்சரிக்கை மணி அவர்களுடைய நுரையீரலே. எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பது அன்றைய காற்றின் திசையைப் பொறுத்தது. சுனாமிக்கு ஓடிய பழக்கத்தில் கடலுக்கு எதிர்ப்பக்கம் ஓடினால் காற்றும் அதே பக்கம் அடிக்கலாம். ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொள், காற்றுக்குக் குறுக்காக விலகு என்ற இரண்டு வாக்கியங்களைச் சொல்லி வைக்க வெளிநாட்டுக் கடன் தேவையில்லை. ஒடிசா ஊர்கள் சுனாமிக்கு நட்ட பலகையை எண்ணூர் ஊர்கள் அம்மோனியாவுக்கும் சேர்த்து நடலாம். ஒத்திகையில் ஆலையின் பாதுகாப்பு அதிகாரியும் ஊர்ப் பஞ்சாயத்தாரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டும்.

இப்போது நடந்துகொண்டிருக்கும் பெரிய பன்னாட்டு முயற்சி கொசஸ்தலையாற்று வடிகால் திட்டம். புதிதாக 588 கிலோமீட்டர் வடிகால், 175 கிலோமீட்டர் பழைய வடிகால் சீரமைப்பு, நான்கு நிவாரண முகாம்களின் மேம்பாடு என்று அதன் அளவு பெரிது. திருவொற்றியூரும் மணலியும் ஒவ்வொரு மழைக்கும் மூழ்குவதைப் பார்த்தவர்கள் யாரும் இதை வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் இந்த வடிகால்கள் வேகமாகக் கொண்டுபோகும் நீர் கடைசியில் சேரும் இடம் எண்ணூர்க் கழிமுகம். அந்தக் கழிமுகத்தில் அனல்மின் நிலையத்தின் சாம்பல் குழாய்கள் பல ஆண்டுகளாக உடைந்து கசிந்து, ஆற்றின் ஆழத்தைச் சாம்பல் நிரப்பியிருக்கிறது. மீனவர்கள் தொடுத்த வழக்கில் சீரமைக்கும்படி பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டிருக்கிறது. 1996இல் ஒப்புதல் பெற்ற கடலோர மண்டல வரைபடத்தில் இருந்த ஏறத்தாழ 6,500 ஏக்கர் கழிமுகப் பரப்பு, பின்னாளில் அதிகாரிகள் புழங்கிய வரைபடத்தில் காணாமல் போயிருந்தது 2017இல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தால் வெளிவந்தது. வாய் அடைபட்ட ஆற்றுக்குள் கூடுதல் நீரை விரைவாக அனுப்பினால், வெள்ளம் மணலியிலிருந்து காட்டுக்குப்பத்துக்கு இடம் மாறும். 2023இல் அந்த வெள்ளத்தின் மேல் எண்ணெயும் மிதந்தது. சாம்பலை அள்ளி முகத்துவாரத்தை ஆழப்படுத்துவதையும் ஆலை வளாகங்களின் மழைநீர் வெளியேற்றத்தைக் கண்காணிப்பதையும் வடிகால் கடனின் நிபந்தனையாகச் சேர்ப்பதே நேர்மையான ஒத்துழைப்பு. சாம்பல் தந்த மின்நிலையத்துக்கும் அதே வங்கி கடன் கொடுத்தது என்பதால் இதைக் கேட்கும் உரிமை எண்ணூருக்குக் கூடுதலாகவே உண்டு. மக்கள் நேரடியாக முறையிட அந்த வங்கியில் பொறுப்புக்கூறல் அமைப்பு ஒன்று இருக்கிறது. அதற்கு எழுதும் முறை தமிழில் ஒவ்வொரு ஊர்ச் சபையிலும் தெரிந்திருக்க வேண்டும்.

ஆதாரம் பற்றிச் சொன்னேன். ஆற்றில் எந்தப் பருவத்தில் எங்கே இறால் ஏறும், எந்த இடத்தில் எத்தனை பாகம் ஆழம் இருந்தது என்பதையெல்லாம் இந்த ஊர்களின் பெரியவர்கள் மனத்தில் வைத்திருக்கிறார்கள். பழவேற்காட்டில் யார் எந்த நாளில் எங்கே வலை போடுவது என்று முறை வைக்கும் பாடு வழக்கம் தலைமுறைகளாக நிற்கிறது. வாய்மொழியாக இவ்வளவு நுட்பமாகக் கணக்கு வைத்த சமூகத்துக்கு எழுத்துக் கணக்கு பெரிய தாண்டல் அல்ல. ஊருக்கு ஒரு பதிவேடு: அன்றன்று யார் ஆற்றுக்குப் போனார்கள், எவ்வளவு பிடிபட்டது, என்ன விலைக்குப் போனது, கையால் பிடிப்பவரும் கூடைக்காரப் பெண்ணும் உட்பட. பொன்னேரியில் டாக்டர் எம்.ஜி.ஆர். மீன்வளக் கல்லூரி இருக்கிறது. அங்குள்ள மாணவர்கள் மாதந்தோறும் ஒரு பக்கத்தில் சரிபார்த்துக் கையெழுத்திட்டால் அது நீதிமன்றத்திலும் காப்பீட்டாளரிடமும் நிற்கும் ஆவணம். அவர்களே மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆற்றுச் சேற்றிலும் மீனிலும் எண்ணெய், கன உலோக அளவை எடுத்து வைக்கலாம். பன்னாட்டு நிதியம் சிறு மீனவர்களின் இழப்பை மதிப்பிடுவதற்குத் தனி வழிகாட்டுதல் வைத்திருக்கிறது. அதன் படிவத்தையே இந்தப் பதிவேட்டுக்கு அடிப்படையாக எடுத்துக்கொள்ளலாம். தேயானிலிருந்து யாரையாவது அழைத்துவந்தால் எந்தத் தாள் இல்லாமல் தங்கள் கோரிக்கை தோற்றது என்று அவர்கள் சொல்வார்கள். கசிவுக்குப் பிறகு எடுக்கும் மாதிரி கசிவுக்கு முந்தைய ஆற்றைப் பற்றி எதையும் சொல்லாது என்பதால், இந்த வேலையை அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் தொடங்க வேண்டும்.